அடிஷனல் பேப்பரில் ஒரு துப்பறியும் கதை

புவனகிரிப் பாலத்தைத் தாண்டும்போது இடது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். சித்திரை வெயில். தார் இளகிக் காலில் ஒட்டியதால் சாலையோர மண்ணில் இறங்கி, புளியமர நிழல் இருக்கும் இடத்தில் மெதுவாகவும் இல்லாத இடத்தில் வேகமாகவும் போய்க்கொண்டிருந்தேன். சிதம்பரத்தில் அத்தை வீட்டிலிருந்து காலையில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருந்தேன். கடலூர் எவ்வளவு தூரம் என்று தெரியாது. பஸ்ஸெல்லாம் அந்தப் பக்கம்தான் போகின்றன என்பது தெரியும். அது போதும் என்று நினைத்தேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு முடிந்திருந்தது. நான் கிளம்பியதற்குக் காரணம் ஒரு படக்கதைப் புத்தகம். அதைப் படித்ததற்காக இல்லை, வரைந்ததற்காக. இன்னும் ஒரு நாள் அந்த வீட்டில் இருந்தால் என் மாமாவின் வேலை போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. அது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் பூகோளப் புத்தகத்துக்குள் படக்கதையை வைத்துப் படித்து முதுகில் வாங்கியிருப்பீர்கள். 'படிப்பு கெட்டுப்போகும்' என்று உங்கள் வீட்டில் அதை அடுப்பில் போட்டிருப்பார்கள். எனக்கு அந்தக் குறையில்லை. கெட்டுப்போக என்னிடம் படிப்பு இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

போன மாதம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி தடிமனான படப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெட்டி அட்டை, வழவழவென்று தாள், ஒவ்வொரு கட்டத்திலும் பத்துப் பன்னிரண்டு வண்ணம்.

"காமிக்ஸா பாப்பா?" என்றேன்.

"காமிக்ஸ் இல்ல தாத்தா. கிராஃபிக் நாவல்."

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

கொஞ்சம் யோசித்தாள். "இதை ஸ்கூல்லயே குடுப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கேட்டு வாங்கிப் புரட்டினேன். பழக்கதோஷத்தில் முகர்ந்தும் பார்த்துவிட்டேன். ஒரு வாசனையும் இல்லை. அவள் அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டேன். நெல்லிக்குப்பம் பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததில் போனேன்.

எங்கள் படக்கதைகளுக்கு வாசனை உண்டு. மண்ணெண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்த மாதிரி. மை விரலில் ஒட்டும். சிவப்பு, கறுப்பு இரண்டே நிறம்; அச்சில் சிவப்பு எப்போதும் ஒரு நூல் தள்ளியே விழும். அதனால் கதாநாயகியின் உதட்டுச் சாயம் உதட்டில் இருக்காது, கன்னத்தில் இருக்கும். வெள்ளைக்காரக் குதிரைவீரர்கள் சுத்தத் தமிழில் பேசிக்கொண்டே சுட்டுக்கொள்வார்கள். அதையெல்லாம் நான் பார்த்தது சிதம்பரத்தில், என் மச்சானின் கோணிப்பையில்.

மச்சான் என்றால் அத்தை மகன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். நான் அங்கே போன கதை சின்னது. என் அப்பா நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டினார். மாடு ஒன்று செத்துப்போன பிறகு அடுத்தவர் வண்டிக்குக் கரும்பு ஏற்றும் ஆளாக ஆனார். நானும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூடப் போனேன். ஆலை வாசலில் வண்டிகள் வரிசையில் நாள்கணக்கில் நிற்கும். நான் கரும்பின் மேலேயே தூங்குவேன். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு சாவுக்கு வந்த அத்தை, அப்படித் தூங்கிய என்னை வந்து பார்த்தாள்.

"இவன என்னோட வுடுண்ணா. ஜூன் மாசம் பள்ளிக்கூடத்துல சேத்துடுறேன்."

"சோத்துக்கு?" என்றார் அப்பா.

"சோறு இன்னா பெரிய சோறு? மூணு பேருக்கு வடிக்கிறதுல நாலு பேரு துன்ன முடியாதா? அவருக்கு ஆர்டர் வரட்டும், அப்பறம் பாரு."

ஆர்டர் என்பது மாமாவின் வேலை நிரந்தரமாகும் உத்தரவு. சிதம்பரத்திலிருந்து அண்ணாமலை நகர் போகும் பக்கத்தில் அப்போது ஒரு சிறிய தனியார் கல்லூரி இருந்தது. இப்போது இல்லை, பெயரும் வேண்டாம். அங்கே மாமா ஒன்பது வருஷமாகத் தற்காலிக அட்டெண்டர். அந்த வருஷம் கட்டாயம் ஆர்டர் வரும் என்று ஹெட் கிளார்க் சொல்லியிருந்தார். கூரை ஒழுகுகிறதா? ஆர்டர் வரட்டும். அத்தையின் தோடு அடகிலிருந்து திரும்ப வேண்டுமா? ஆர்டர் வரட்டும். என் பள்ளிக்கூடமும் அந்த ஆர்டரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கல்லூரிச் சுவருக்குப் பின்னால் வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. முதல் வீடு ஹெட் கிளார்க்குடையது.

நான் போய்ச் சேர்ந்தது பரீட்சைக் காலம். மாமாவுக்குப் பரீட்சை அறையில் வேலை. எழுதுகிற தாள் தீர்ந்தவன் எழுந்து நின்று "அடிஷனல்!" என்று கூப்பிடுவான். மாமா ஓடிப்போய் ஒரு தாள் கொடுப்பார். முடிந்ததும் எல்லாவற்றையும் மூலையில் துளை போட்டு வெள்ளை நூலால் கட்டித் தருவார். தாளின் வலது மேல் மூலையில் ஊதா மையில் வட்டமாகக் கல்லூரி முத்திரை இருக்கும். சில பையன்கள் பக்கத்து வரிசையில் இருப்பவனை மிரட்டுவதற்காகவே மூன்று நான்கு அடிஷனல் வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றிலும் எழுத மாட்டார்கள். மாமா ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர்களைப் போல நடித்துக் காட்டுவார்.

"'அடிஷனல்!'ன்னு சிங்கம் மாதிரி கத்துவான். போயி பாத்தா மொத பேப்பர்லயே பிள்ளையார் சுழிக்குக் கீழ ஒண்ணுங் கெடயாது."

அப்படி மீந்த தாள்களில் சிவப்பு மையால் குறுக்கே அடித்து அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அதுதான் விதி. ஆனால் எழுதாத நல்ல தாளில் சிவப்புக் கோடு போட எங்கள் வரிசையில் யாருக்கும் மனம் வரவில்லை. மளிகைச் சாமான் பட்டியல், அலமாரி விரிப்பு, பிள்ளைகளின் கணக்கு, துணி போட்ட கணக்கு, எல்லாம் முத்திரை போட்ட அடிஷனல் பேப்பரில்தான். மாமா சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவருவார். அதைத் திருட்டு என்று அவர் நினைத்தது கிடையாது. "எழுதாத பேப்பரு யாருக்கு வேணும்?" என்பார்.

எனக்கு வேண்டியிருந்தது.

மச்சானின் கோணிப்பையில் நாற்பது ஐம்பது புத்தகம் இருக்கும். பாதிக்கு அட்டை கிடையாது, சிலதுக்குக் கடைசிப் பக்கம் கிடையாது. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவன். படத்தைப் பார்த்து என்ன சொல்வான் என்று ஊகித்துவிட்டு, பிறகு எழுத்தைப் படிப்பேன். ஊகம் சரியாக இருந்தால் எழுத்தும் சுலபமாக வந்துவிடும். இருபது நாளில் தடுக்காமல் படிக்க வந்துவிட்டது. ஐந்து வருஷப் பள்ளிக்கூடம் செய்யாததை அந்தச் சாக்கு செய்தது என்று அத்தையிடம் சொன்னேன். "வாய மூடு, ஒன் மச்சான் கணக்குல பதினாறு மார்க்கு வாங்குனதும் அந்தச் சாக்காலதான்" என்றாள்.

கோணிப்பை தீர்ந்ததும் மச்சான் சொன்னான், "நாமளே ஒண்ணு போடுவோம்டா."

அவன் எழுத்து, நான் படம். கதை நெல்லிக்குப்பத்தில் நடக்கிறது. ஆலைச் சங்கை எவனோ திருடிவிடுகிறான். சங்கு ஊதாததால் ஷிஃப்ட் முடிந்தது யாருக்கும் தெரியவில்லை. உள்ளே போனவர்கள் வேலை செய்துகொண்டே இருக்கிறார்கள், வெளியே இருப்பவர்கள் காத்துக்கொண்டே இருக்கிறார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு துப்பறிவாளன் மாட்டு வண்டியில் வந்து இறங்குகிறான். துப்பறிவாளன் என்றால் கோட்டு இருக்க வேண்டும் என்பதில் மச்சான் கண்டிப்பாக இருந்தான்.

அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "நெல்லிக்குப்பத்து வெயில்ல கோட்டா? வேர்க்குரு வந்தே சாவப்போறான் ஒங்காளு."

அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து எல்லாக் கட்டத்திலும் அவனுக்கு வேர்வைத் துளி போட்டேன். துப்பாக்கி நீட்டும்போதும் மறு கையால் நெற்றியைத் துடைத்துக்கொள்வான்.

எங்களுக்குள் சண்டையும் வரும். மச்சான் முதலில் வசனத்தை எழுதிவிட்டுப் பிறகு என்னிடம் தருவான். கட்டத்தில் முக்கால்வாசி வசனமாக இருக்கும்.

"இதுல நான் எங்க வரையிறது?"

"கீழ எடம் இருக்குது பாரு."

"அதுல காலுதான் வரையலாம்."

"காலயே வரை. பேசுறது யாருன்னு காலப் பாத்தா தெரியாதா?"

வரைந்தேன். இரண்டாம் பக்கம் முழுக்கக் கால்கள் பேசிக்கொள்ளும். கரும்பு வெட்டுகிறவன் கால், மானேஜர் பூட்ஸ், துப்பறிவாளனின் பின் குத்திய செருப்பு. பிறகு அந்தப் பக்கம்தான் எல்லோருக்கும் பிடித்தது.

முத்திரையை என்ன செய்வது என்பது அடுத்த பிரச்சினை. மூலையை வெட்டிவிடலாம் என்றான் மச்சான். வெட்டினால் தாள் கோணலாகிவிடும். நான் முதல் பக்கத்தில் அந்த வட்டத்தைச் சுற்றிக் கதிர் போட்டுச் சூரியனாக்கினேன். இரண்டாம் பக்கத்தில் மாட்டு வண்டிச் சக்கரம். மூன்றாவதில் லாரியின் விளக்கு. பிறகு மேலிருந்து பார்த்த புகைபோக்கி, துப்பறிவாளனின் பூதக்கண்ணாடி, செத்துக் கிடக்கும் மாட்டின் கண். ஒவ்வொரு பக்கமும் அந்த வட்டத்திலிருந்துதான் தொடங்கும். அடுத்தது என்னவாக்கலாம் என்று குளிக்கும்போதும் யோசிப்பேன். பிற்பாடு எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். அதைப் போல நான் ஈடுபட்டுச் செய்தது வேறில்லை.

பதினான்கு பக்கம் ஆயிற்று. மாமாவே துளை போட்டு, பரீட்சைத் தாளைக் கட்டுகிற அதே முடிச்சில் கட்டிக் கொடுத்தார். படித்துப் பார்த்துவிட்டு, "சங்க எடுத்தவன் யாருடா?" என்றார். எங்களுக்கே தெரியாது. மானேஜர் என்றான் மச்சான். விடியற்காலையில் எழுந்து சலித்துப்போன ஒரு தொழிலாளி என்றேன் நான். முடிவாகாததால் 'தொடரும்' போட்டுவிட்டோம்.

இருந்தது ஒரே பிரதி. வரிசை வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து படித்துவிட்டு அங்கேயே கொடுத்துவிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது என்று மச்சான் சட்டம் போட்டான். சட்டத்தை மீறியதும் அவன்தான். ஹெட் கிளார்க்கின் மகள் கேட்டாள், கொடுத்துவிட்டான். அவள் கேட்டால் கோணிப்பையையே கொடுத்திருப்பான். நான் வாசலில் நின்று, "சட்டம், சட்டம்" என்று கத்தினேன். "போடா கரும்பு" என்றான்.

அதே வாரம் கல்லூரியில் ஒருவன் பிடிபட்டான். வீட்டிலேயே விடை எழுதி எடுத்துவந்து, பரீட்சைத் தாளோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கப் பார்த்திருக்கிறான். அவன் எழுதி வந்த தாளில் கல்லூரி முத்திரை இருந்தது. முத்திரை போட்ட வெற்றுத் தாள் எப்படி வெளியே போனது என்று விசாரணை வந்தது. அதுவரை மளிகைப் பட்டியலாக இருந்த தாள் ஒரே நாளில் குற்றமாகிவிட்டது. எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அன்று சாயங்காலம் அடுப்பு நிறையப் புகை. அத்தையும் எரித்தாள். புத்தகம் மட்டும் எங்கள் வீட்டில் இல்லை.

மறுநாள் நாலு மணிக்கு ஹெட் கிளார்க் வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ இருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பிரித்தார். எங்கள் புத்தகம்.

"யாரு வரைஞ்சது இது?"

நான் முந்திக்கொண்டேன். "நான் சார். எழுத்து மட்டும் மச்சான்து. படம் பூரா நான்தான்."

"இந்தச் சக்கரம்?"

"அதுவும் நான்தான் சார். சீலு இருக்குற எடத்த வெட்டிடலாம்னு இவன் சொன்னான். நான்தான் வுடல."

பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் காப்பாற்ற வாயைத் திறக்கவில்லை. படத்தைப் பற்றிக் கேட்ட முதல் பெரிய மனிதர் அவர். அந்தச் சந்தோஷத்தில் சொன்னேன். மாமா சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் ஏதோ தப்பு என்று புரிந்தது.

"பிரின்சிபால் வரைக்கும் சேதி போயிடுச்சு. சீல் போட்ட பேப்பர்ல பசங்க படம் வரைஞ்சு வெச்சிருக்காங்கன்னு யாரோ சொல்லியிருக்கான். காலையில புத்தகத்தோட வரச் சொல்லிட்டாரு" என்றார் ஹெட் கிளார்க். மாமாவைப் பார்த்து, "ஒன் ஆர்டர் அவரு டேபிள்ல கெடக்குது, தெரியுமில்ல? யாரு எடுத்தான்னு கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?"

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் அத்தை பேசினாள்.

"மத்தியானச் சோறு எடுத்துகினு தெனம் இவன்தாங்க உள்ள போவான்."

அவ்வளவுதான். நான் எடுத்தேன் என்று அவள் சொல்லவில்லை. நான் தினமும் பரீட்சை அறைக்குப் பக்கத்து அறைக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோனது உண்மை. அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் முந்தானையால் கேரியரைத் துடைத்தாள். அது ஏற்கெனவே துடைத்த கேரியர்.

படம் வரைந்ததை ஒப்புக்கொண்டவன் தாளை எடுத்ததையும் ஒப்புக்கொள்வது ஒன்றும் பெரிய தூரம் இல்லை.

"நான்தான் எடுத்தேன்" என்றேன்.

ஹெட் கிளார்க் மூச்சு விட்டார். தைரியசாலிப் பையன் என்று என் தலையில் கை வைத்தார். அவர் வீட்டு அலமாரியிலும் அதே தாள்தான் விரித்திருந்தது, அவர் மகள் கணக்குப் போட்டதும் அதில்தான் என்பது அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

காலையில் என்னைப் பிரின்சிபால் அறைக்குக் கூட்டிப்போனார்கள். மாமா வாசலில் நின்றார். ஹெட் கிளார்க் சொல்லச் சொல்ல நான் ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன்: சாப்பாடு கொண்டுவரும்போது யாருக்கும் தெரியாமல் எடுத்தேன், என் மாமாவுக்கு இதில் சம்பந்தமில்லை. நான் வாழ்க்கையில் எழுதிய முதல் முழு வாக்கியம் அது. படக்கதையில் எல்லா வாக்கியமும் அப்படித்தான் முடியும் என்பதால் கடைசியில் ஆச்சரியக்குறி போட்டேன். அவர் அதை முற்றுப்புள்ளியாகத் திருத்தச் சொன்னார்.

பிரின்சிபால் வயதானவர். புத்தகத்தை முதலிலிருந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். கால்கள் பேசும் பக்கத்தில் கொஞ்சம் நின்றார்.

"இவனுக்கு ஏன் இவ்ளோ வேர்க்குது?"

"கோட்டு சார். நெல்லிக்குப்பம் வெயிலு."

இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றுகிறவர்களை அப்போது எனக்குத் தெரியாது. கடைசிப் பக்கம் வந்ததும் தாளைத் திருப்பி அந்தப் பக்கமும் பார்த்தார்.

"அப்புறம்? சங்க எடுத்தது யாரு?"

"இன்னும் வரையல சார்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குண்டூசி எடுத்து, நான் எழுதிக் கொடுத்த தாளையும் புத்தகத்தையும் சேர்த்துக் குத்தி ஃபைலில் வைத்தார். ஹெட் கிளார்க்கிடம், "பையனை அவங்க ஊருக்கு அனுப்பிடச் சொல்லுங்க. ஸ்டாஃப் வீட்டுல இருக்கக் கூடாது. அதோட முடிச்சுக்கலாம்" என்றார்.

நல்லவர் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பையன் பதினான்கு தாள் திருடினான் என்று நம்பி, போலீஸ் அது இது என்று போகாமல் விட்டார். அவர் நம்பியது தப்பு, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாமா என்னை நெல்லிக்குப்பத்தில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. பிரின்சிபாலைப் பார்த்துவிட்டு வந்த அன்றே மத்தியானம் அடுப்படியில் மாமாவும் அத்தையும் பேசிக்கொண்டது கூடத்தில் படுத்திருந்த எனக்குக் கேட்டது.

"ஒங்கண்ணன்கிட்ட இன்னா சொல்றது?"

"நெசத்தச் சொன்னா அவரு நேரா இங்க வந்து நிப்பாரு. ரோட்டுல நின்னு, எம்புள்ளய திருடன்னு எழுதி வாங்குனவன் யாருடான்னு கத்துவாரு. அப்பறம் எங்கேர்ந்து ஆர்டரு?"

"திருடுனான்னு சொல்லிடட்டா?"

"அய்யோ, வேணாம். அடிச்சே போட்டுடுவாரு."

அத்தை எனக்கு இரண்டு முட்டை பொரித்து வைத்தாள். மச்சானுக்கு ஒன்றுகூட வைக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

அப்பா அடிப்பது எனக்குப் புதிதில்லை, அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அடித்து முடித்த பிறகு அம்மா மஞ்சள் அரைத்துப் பத்துப்போட்டுக்கொண்டே, "நெசமா எடுத்தியாடா?" என்று கேட்பாள். அவளிடம் நான் பொய் சொல்லி நின்றதில்லை. சொல்லிவிடுவேன். அம்மாவுக்குத் தெரிந்தால் அப்பாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்தால் சிதம்பரம் வரை கேட்கும். நான் ஊருக்குப் போகாமல் இருந்தால்தான் அந்தப் பொய் நிற்கும் என்று கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமை காலையில் மச்சான் கோணிப்பையை இழுத்துக்கொண்டு வந்தான். "பூராத்தையும் நீயே எடுத்துக்கோடா."

"எனுக்கு எதுக்கு?"

"நானுந்தான்னு போயி சொல்லிடட்டா?"

"சொன்னா நீயும் என்னோட கரும்பு ஏத்தணும். கோட்டு போட்டுகினு வா."

அவன் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று போனான். அன்று பள்ளிக்கூடம் கிடையாது. அவன் தெருமுனை திரும்பியதும் கோணிப்பையை அங்கேயே விட்டுவிட்டு, என் துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இதற்குப் பிறகு சிதம்பரத்தில் நடந்ததெல்லாம் பத்து வருஷம் கழித்து மச்சான் சொல்லித் தெரிந்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் தற்செயலாகப் பார்த்தோம். ஆடி மாதத்தில் மாமாவுக்கு ஆர்டர் வந்துவிட்டது. பத்து நாள் ஊரில் இருந்துவிட்டு, விஷயம் ஆறியதும் ஜூனில் என்னைத் திரும்பக் கூட்டி வந்துவிடலாம் என்றுதான் அத்தை நினைத்திருக்கிறாள். எனக்கு நீல டிராயர் தைக்கத் துணிகூட எடுத்து வைத்திருந்தாளாம். அவள் அதை எனக்குச் சொல்லவில்லை. என்னிடம் அதைச் சொன்னால் அன்று அவள் செய்ததையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும் என்று பயந்திருப்பாள். நான் ஓடிப்போனதை மாமா நெல்லிக்குப்பம் போய்ச் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து நான் வீட்டுக்குப் போனபோது அம்மா கேட்டாள். சும்மாதான் போனேன் என்றேன். அவளிடம் பொய் சொல்லவும் அதற்குள் பழகியிருந்தேன். அப்பா சாகும்வரை என்னை ஊர்சுற்றி என்றே நினைத்தார். அதில் தப்பில்லை. பிறகு நான் அப்படித்தான் ஆனேன்.

புவனகிரி தாண்டி நான் நடந்துகொண்டிருந்தபோது இது எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு தண்ணீர்ப் பந்தலில் இரண்டு சொம்பு மோர் குடித்தேன். புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தேங்காய் லாரிக்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். சிதம்பரம் என்றேன். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். கடலூர் ஓ.டி.யில், பழைய ஊரில், இறக்கிவிடும்போது, துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் ஆள் எடுப்பார்கள், தன் பெயரைச் சொன்னால் போதும் என்றார். அன்று ரயில் நிலைய பெஞ்சில் படுத்துக்கொண்டேன். யாரும் எழுப்பவில்லை.

காலையில் ஐஸ் கம்பெனிக்குப் போனேன். உமி போட்ட தரையில் ஆள் நீளத்துக்கு ஐஸ் பார்களைச் சாக்கு போட்டு மூடி அடுக்கியிருந்தார்கள். நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரு?"

"நெல்லிக்குப்பம்."

"லாரிக்காரன் நேத்து வந்து, சிதம்பரத்துப் பையன்னுல்ல சொல்லிட்டுப் போனான்?"

"அத்த வூட்ல இருந்தேன்."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நிமிர்ந்தார். "சிதம்பரத்துல எங்க? எந்தங்கச்சிய அங்கதான் குடுத்திருக்குது. வாரத்துக்கு ஒருவாட்டி போறேன் நான்."

தெரு பெயரைச் சொல்லவில்லை. "ஊருக்குள்ளதான்" என்றேன்.

"ஏன் ஓடியாந்த? அத்த சோறு போடலியா?"

"போட்டாங்க. முட்டகூட போட்டாங்க."

"அப்பறம்? மாமன் அடிச்சானா?"

அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். நான் ஆமாம் என்றாலும், பேசாமல் நின்றாலும், அடுத்த வாரம் சிதம்பரத்தில் யாரிடமாவது மாமாவைப் பற்றிச் சொல்வார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"அவுரு ஒண்ணும் பண்ணல. நான் திருடிட்டேன்" என்றேன்.

"இன்னாத்த?"

"பேப்பரு."

"பேப்பருன்னா? நோட்டா?"

"வெள்ளப் பேப்பரு. எழுதுற பேப்பரு."

ஒருவர் டீயைத் துப்பிவிட்டார். "டேய், எழுதுன பத்திரத்தத் திருடுறவனப் பாத்திருக்கேன். எழுதாத பேப்பரத் திருடுன மொத ஆளு நீதான்டா."

மேஸ்திரி சிரிக்கவில்லை. "யாராச்சும் எடுக்கச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. நானேதான்."

"நெசமா?"

"நெசமா."

அவர் இன்னும் ஏதோ கேட்கப்போனார். துறைமுகப் பக்கம் படகுச் சத்தம் கேட்டது. எழுந்து சாக்கை விலக்கி, ஐஸ் உடைக்க மூலையில் கிடந்த மரச் சுத்தியலை, கொட்டாப்புளியை, காலால் என் பக்கம் தள்ளினார்.

"இங்க ஐஸத் தவிர எடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. எடுத்துகினு ஓடுனாலும் வூடு போறதுக்குள்ள தண்ணியாப் பூடும். குறுக்கால அடி, நீட்டுவாக்குல அடிக்காத."

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முதல் பாரைக் குறுக்கே அடித்தேன்.